ஆறு பேர் எழுதும் தேர்வு

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் முடிவு வரும் நாளன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சத்தம். எந்தத் தமிழ்ப்பள்ளிக்கு எத்தனை 7ஏ (2016இலிருந்து 8ஏ), எது நூறு விழுக்காடு என்று. கடைசித் தேர்வு 2019இல் நடந்தது. 2021இல் கல்வி அமைச்சு அதை ஒரேயடியாக ஒழித்தது. ஆனால் அந்த எண்களை வைத்து எழுந்த "தோட்டப் பள்ளியா, வேண்டாம்பா" என்ற பேச்சு மட்டும் ஒழியவில்லை.

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள். லாபு, பகாவ், லிங்கி பக்கமெல்லாம் பல பள்ளிகள் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நம்மவர்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பெயர்ந்தார்கள். லயங்களில் இப்போது இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள். 150 பேரைத் தாண்டாத பள்ளியை 'குறைந்த மாணவர் பள்ளி' என்கிறது அமைச்சு. மிகச் சிறிய பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைப்பதும் உண்டு.

அப்படியொரு பள்ளியில், யூபிஎஸ்ஆர் காலத்தில், ஆறாம் ஆண்டில் ஆறே பேர் என்று வையுங்கள். ஒரு பிள்ளை காய்ச்சலோடு எழுதிக் கோட்டைவிட்டால் தேர்ச்சி 83 விழுக்காடு. மறு ஆண்டு அறுவரும் தேறினால் நூறு, பத்திரிகையில் படம். அதே ஆசிரியர், அதே கரும்பலகை! இந்த எண்ணை வைத்தா ஒரு பள்ளியை எடைபோடுவது?

நான் கேட்பது வேறு. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழிலும் மலாயிலும் சரளமாக வாசிக்கிறார்கள்? தாமானிலிருந்து தோட்டத்துப் பள்ளிக்குப் பிள்ளையை ஏற்றிவரும் வேனுக்கு மாதக் கட்டணம் யார் கட்டுகிறார்கள்?