ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்



ரொம்ப நாளாகப் பதிவு எதுவும் போடவில்லை. "டீச்சர் நலமா?" என்று விசாரித்த எல்லோருக்கும் நன்றி. நலம்தான், கண்தான் சரியில்லை. சர்க்கரை விழித்திரையைத் தொட்டுவிட்டது. மதுரைக்குப் போய் மூன்று தடவை லேசர் வைத்தாயிற்று. நடமாடவும் சமைக்கவும் ஆளைத் தெரிந்துகொள்ளவும் பார்வை போதுகிறது. எழுத்துதான் நிற்கமாட்டேன் என்கிறது. வரி முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. இதைக்கூட ஃபோனில் பேசித்தான் டைப் செய்கிறேன். ஒற்றுப்பிழைக்கு அரை மார்க் குறைத்த தமிழம்மாவே இப்படியா என்று யாரும் பழைய கணக்கைத் தீர்க்க வரவேண்டாம்.

கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த பக்கங்களை எங்கள் அம்மா கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தார். அந்தப் 'பொன்னியின் செல்வன்' இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பூம்பாறை மழை உங்களுக்குத் தெரியும், நாலு நாளைக்கு எதிர்வீடு தெரியாது. புத்தகத்தை எடுத்தேன், ஒரு பக்கம்கூட முடியவில்லை. மூடி வைத்துவிட்டு அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

லீவுக்கு வந்திருந்த பேரன்தான், "அப்பாயி, கேக்கலாமே" என்று ஃபோனில் போட்டுக் கொடுத்தான். எனக்குப் பிடிக்கவில்லை. கேட்பது படிப்பாகுமா? பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நோட்ஸ் படிக்கிற பிள்ளைகளைத் திட்டிய வாய் இது. 1970-களில் ராத்திரி போர்வைக்குள் ட்ரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடரைக் கேட்டதெல்லாம் சௌகரியமாக மறந்துபோயிருந்தது.

முதல் நாள் தனியாகத்தான் கேட்டேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் மலைப்பூண்டு ஒரு கூடையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். வேரை அறுத்து, பெரிசு சிறிசு பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. வழக்கமாக அவள் வீட்டில் கோடை எஃப்.எம். 100.5 பாடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு என்னோடு கதை கேட்டாள். மறுநாளும் வந்தாள். இப்போது மூன்றரை மணியானால் கூடையும் அவளும் ஆஜர். பூண்டு இல்லாத நாளில் பட்டாணி உரிப்பாள்.

கதை அவளுக்குள் எப்படிப் போய் உட்காருகிறது என்று பார்த்து அசந்துபோனேன். நான் நாலு தடவை படித்த புத்தகம் அது. ஆனாலும் பெரிய பழுவேட்டரையரா சின்னவரா என்று எனக்குத்தான் குழம்புகிறது. அவள் ஒரு பேரையும் விடுவதில்லை. "ஆந்தை கத்துனா ரவிதாசன் கூட்டம் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம் டீச்சர்" என்பாள், கையில் பூண்டு ஓடிக்கொண்டே இருக்கும். "இந்த வந்தியத்தேவன் ஒரு எடத்துலயாவது மாட்டிக்காம போவானா?" என்பாள். நந்தினியை மட்டும் அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசா தெரியட்டும்" என்றாள்.

அவள் என் மாணவிதான். 1994-ல் ஏழாம் வகுப்பு. எழுந்து வாசிக்கச் சொன்னேன், எழுத்துக்கூட்டித் திணறினாள். "ஆடு மேய்க்கப் போ, அதுக்கு வாசிக்கத் தெரிய வேண்டாம்" என்றேன். வகுப்பு சிரித்தது. அன்றைக்குச் சிரித்தவர்களில் சிலர் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை, சிரிக்க வைத்தது நான். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அவள் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிட நடை. நான் போகவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டதோடு சரி.

இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் நிறுத்திவிட்டு அதைப் பற்றிப் பேசினேன். மன்னிப்பு என்ற வார்த்தையையும் சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை. "அது ளவும் ழவும் டீச்சர். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கதையைப் போடுங்க" என்றாள்.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாமாம்.

ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பது நமக்குப் புதிதா என்ன? பெரிய எழுத்து நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் ஊர் ஊராக அப்படித்தானே போயின? கியூபாவில் சுருட்டுச் சுற்றும் தொழிலாளிகள் 1860-களிலேயே தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒரு வாசிப்பாளரை வைத்துக்கொண்டார்கள். கை இலையைச் சுற்றும், காது நாவல் கேட்கும். மாண்டிகிறிஸ்டோ என்ற சுருட்டின் பேரே அப்படி அவர்கள் கேட்டு மகிழ்ந்த டூமாவின் நாவலிலிருந்து வந்ததென்று சொல்வார்கள். நம் திண்டுக்கல் சுருட்டுக்கு யாராவது கதை வாசித்தார்களா என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

சரி, கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். கல்கி 1954-ல் மறைந்தார். அவருடைய நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதனால்தான் ஆளாளுக்கு வாசித்து இலவசமாகப் போட முடிகிறது, திருட்டு என்று பயப்பட வேண்டாம். கலிபோர்னியாவிலிருந்து 'இட்ஸ்டிஃப்' என்ற தமிழ் வானொலி நிகழ்ச்சி நடத்தும் ஸ்ரீ, கல்கியின் நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து பாட்காஸ்டில் வைத்திருக்கிறார். யூடியூபிலும் பலர் வாசிக்கிறார்கள். ஆனால் பாதிக்கு மேல் கதைச்சுருக்கம். பாகம் இத்தனை, அத்தியாயம் இத்தனை என்று தலைப்பில் இருந்தால்தான் திறந்தே பாருங்கள். சுருக்கம் கேட்பது சக்கையைச் சாப்பிடுகிற மாதிரி.

குரல் பிடிக்கிறதா என்பதை முதல் அத்தியாயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் முதல் அத்தியாயத்தில் கொஞ்சம் மேடைப்பேச்சாகத்தான் வாசிக்கிறார்கள். மூன்றாவதைக் கேட்டுப் பாருங்கள், அதற்குள் குரல் இறங்கி வீட்டுக்குரல் ஆகியிருக்கும். வேகத்தைக் கூட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஆடிப்பெருக்கில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மெதுவாகத்தான் போகிறது, நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள்?

மலையில் இருக்கிறவர்கள் கோடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போதே ஒரு வாரத்துக்கு டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் 15 முதல் 30 எம்.பி.க்குள் அடங்கும். இங்கே மேகம் இறங்கினால் சிக்னலும் போய்விடுகிறது, கதை பாதியில் நின்றால் எனக்குத் திட்டு விழுகிறது.

ஐந்து பாகம் மலைப்பாக இருந்தால் 'பார்த்திபன் கனவு' கேளுங்கள். கல்கி இதழ் 1941-ல் தொடங்கியபோது வந்த தொடர், மூன்றே பாகம். அதற்குப் பிறகு 'சிவகாமியின் சபதம்'. கதைப்படி சபதம்தான் முந்தியது, ஆனால் எழுதிய வரிசையில் கேட்பதுதான் நல்லது என்பது என் கட்சி.

ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். 1950 முதல் 1954 வரை ஜனங்கள் இதற்கு வாராவாரம் காத்துக் கிடந்தார்கள். "நாளைக்கு என்ன ஆகும்?" என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது கேட்பாள். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அந்தக் கேள்விக்காகவே மறுநாள் மூன்றரை மணிக்குக் காத்திருக்கிறேன்.

நேற்று மூன்றாம் பாகம் முடிந்தது. 156 அத்தியாயம் ஆகிவிட்டது, இன்னும் 137 இருக்கிறது. இணைப்பு வேண்டுமென்றால் கமெண்டில் கேளுங்கள், பேரன் அனுப்புவான். மணி மூன்று இருபது. வாசலில் கூடை வைக்கிற சத்தம் கேட்கிறது.