கோரைப் பாயில் ஏறும் பெயர்

வண்ணார்பேட்டையில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த அச்சகம். முன்னறையில் ஃபிளெக்ஸ், விசிட்டிங் கார்டு வேலைகள். பின்னறையை எட்டடிக்கு நாலடி மேசையுள்ள ஃபிளாட்பெட் மெஷின் அடைத்துக்கொண்டிருக்கிறது. நான் போனபோது மேசையில் ஒரு கோரைப் பாய் கிடந்தது. கல்யாணச் சீரில் வைக்கிற பாய். மாப்பிள்ளை, பெண் பெயரும் முகூர்த்தத் தேதியும் அதில் அச்சேற வேண்டும்.

"முதல்ல பாய் படியணும் அண்ணாச்சி. அதுக்குத்தான் நேரம். அடிக்கிறதுக்கு இல்ல" என்றார் மெஷின் ஓட்டுகிற தம்பி.

மேசை முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். அடியிலிருந்து பம்பு காற்றை இழுக்கும். அக்ரிலிக் தகடு, டைல்ஸ் எல்லாம் அந்த இழுப்பிலேயே அசையாமல் உட்கார்ந்துவிடும். பாயிடம் அது பலிக்காது. கோரைகளின் இடுக்கு வழியே காற்று புகுந்து போய்விடும். அதனால் பாயை எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வைத்து, விரித்து, நாலு ஓரத்திலும் டேப் ஒட்டினார். பாய்க்கு வெளியே திறந்திருந்த துளைகளைக் காகிதம் போட்டு மூடினார். பிறகு உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. என் கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் மேடு. உயரத்தை அங்கேதான் அளந்தார்.

மை உமிழும் ஹெட் பொருளைத் தொடுவதே இல்லை. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்தில் மிதந்தபடி போகும். பள்ளத்தில் அளந்து உயரம் வைத்தால், மேடு வரும்போது ஹெட் உரசும். மெஷினிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று அது. மேட்டை வைத்து அளந்தால் ஹெட் தப்பிக்கும், ஆனால் பள்ளத்தில் எழுத்து கெடும். மைத்துளி நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் இறங்குகிறது, ஹெட் பொருத்திய வண்டி நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் 3 மில்லிமீட்டர் இருந்தால் துளி அரை மில்லிமீட்டர் தள்ளி விழும். போகும்போது ஒரு பக்கம் அரை, திரும்பும்போது மறுபக்கம் அரை. ஒரு கோடு இரண்டாகத் தெரியும். அதற்காகத்தான் ஒரே திசையில் மட்டும் அடிக்கிறார்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, எழுத்து பிழைக்கிறது.

எழுத்தின் தடிமனையும் கூட்டியிருந்தார். தூரம் அதிகமானால் நுண்துளிகள் காற்றில் அலைந்து, விளிம்பில் மங்கலாகப் படியும். தமிழ் எழுத்தின் சுழிகள் சின்னதாக இருந்தால் உள்ளே அடைத்துக்கொள்ளும். முதலில் வெள்ளை மை, அதன் மேல் சிவப்பு. வெள்ளை இல்லாவிட்டால் கோரையின் பழுப்பு சிவப்பைக் கெடுத்துவிடும். கூடவே ஓடும் புற ஊதா விளக்கு மையை அந்த நொடியே இறுக்குகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோரையின் முதுகில் நிறம் முழுசாக இருந்தது. இரண்டு கோரைகள் சேரும் இடத்தில் மை படாத மெல்லிய கீற்று. எட்ட நின்றால் அது தெரியாது.

இதே மெஷினில் தேக்குப் பலகையும் கடப்பாக் கல்லும் அருமையாக வருகின்றன. சில்வர் பாத்திரம்தான் ஆபத்து. வளைந்த பளபளப்பில் பட்ட புற ஊதா ஒளி திரும்பி ஹெட்டில் விழுந்தால், துளைக்குள்ளேயே மை இறுகிவிடும்.

பாயில் எனக்கு உறுத்தியது வேறு. இந்த மை கோரைக்குள் ஊறுவதில்லை. மேலே ஏடு போலப் படிகிறது. சுருட்டும்போது அச்சு வெளிப்பக்கம் வந்தால் ஏடு இழுபட்டு வெடிக்கும். "எழுத்து உள்பக்கம் வர்ற மாதிரி சுருட்டுங்கன்னு சொல்லித்தான் குடுப்பேன்" என்றார் தம்பி. நேர்மையான வார்த்தை. ஆனால் பாய் என்பது ஆயுசுக்கும் விரித்துச் சுருட்டுகிற பொருள்.

அங்கிருந்து பத்தமடைக்குப் பஸ் ஏறினேன். சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர், சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர், புவிசார் குறியீடு பெற்ற பாயின் ஊர். ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் தறி. தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய பருத்திப் பாவு. தண்ணீரில் ஊறவைத்து, நூல் போலக் கிழித்த கோரையை அந்த வீட்டு அம்மா ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தார். அங்கேயும் மணமக்கள் பெயர்தான் நடந்துகொண்டிருந்தது. பாவு இழையை எண்ணி, சாயக் கோரையைச் செருகி, ஓர் எழுத்தின் ஒரு வரி. பிறகு அடுத்த வரி. நிறம் கோரைக்குள்ளேயே இருப்பதால், எந்தப் பக்கம் சுருட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

அச்சைக் குறை சொல்லமாட்டேன். சாதாரணப் பாயில், குறைந்த செலவில், அவசரத்துக்குப் பெயர் வேண்டுமென்றால் அது நல்ல வேலைதான். மேடுபள்ளத்தை அறிந்த கை அதன் பின்னால் இருக்கிறது. நெய்த பாயின் விலையை அச்சிட்ட பாய்க்கு வாங்குவதுதான் தப்பு. கல்யாணத்துக்குப் பாய் எடுக்கப் போகிறவர்கள் கடையில் பாயைத் திருப்பிப் பாருங்கள். நெய்த எழுத்தின் நிறம் பின்பக்கமும் தெரியும், அச்சு தெரியாது. நெய்தது என்று தெரிந்தால், தயவுசெய்து அந்த விலையில் பேரம் பேசாதீர்கள்.