எக்ஸ்ரேயில் தெரியாத அடைப்பு

அரியலூர்ப் பக்கம் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் காரணம் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, லாரி கிளப்பும் புழுதி என்று ஊரே சொல்லிவிடும். பெரம்பலூரில் கல்குவாரித் தூசி. வறட்டு இருமல் என்றால் சளிப் பரிசோதனை, டி.பி. இல்லையா, அப்படியானால் ஆஸ்துமா. பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

சரியாக இல்லாத ஒரு சிலர் இருக்கிறார்கள். வயிற்றிலோ மார்பகத்திலோ தெரியாமல் வளரும் புற்றுநோய்க் கட்டியிலிருந்து செல்கள் பிரிந்து ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பின் ரத்தமெல்லாம் இதயத்தின் வலப்பக்கம் வந்து நுரையீரல் வழியாகத்தானே போகவேண்டும்? அங்கே மிகச் சிறிய ரத்தக் குழாய்களில் அவை கொத்தாகச் சிக்கிக்கொள்கின்றன. சிலருக்கு அந்த இடத்தில் ரத்தமும் உறைந்து, குழாயின் உட்சுவரும் தடித்து வழியை மூடிவிடுகிறது. காற்று உள்ளே போகிறது, அதை வாங்கிக்கொள்ள ரத்தம்தான் வந்து சேருவதில்லை. அதனால் எக்ஸ்ரே பளிச்சென்று இருந்தும் மூச்சு முட்டும்! பெரிய ரத்தக்கட்டைத் தேடும் சி.டி. ஸ்கேனிலும் இது பெரும்பாலும் தப்பிவிடும். ஹெப்பாரின் ஊசி போட்டாலும் புற்றுச் செல் கரையாது. எக்கோவில் வலப்பக்க அழுத்தம் ஏறியிருப்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. சிலர் சில நாட்களிலேயே இறந்துபோகிறார்கள்.

1990-இல் ஜெர்மானிய மருத்துவர்கள், புற்றுநோய் இருந்த 630 பேரின் உடல்களைப் பரிசோதித்தபோது 21 பேரிடம் இப்படிக் குழாய் தடித்து அடைத்திருந்தது. அவர்களில் பலருக்கு மூலம் வயிற்றுப் புற்றுநோய்.

நம் ஊரில் பிரேதப் பரிசோதனை என்றால் போலீஸ் கேஸ். வீட்டார் சம்மதிக்கவும் மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 'மாரடைப்பு' என்று எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது.

ஆனால் அதற்கு முன்பே சில தடயங்கள் இருந்திருக்கலாம். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, வேட்டி தளர்வது, மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை... மூச்சுக்கு வந்தவரிடம் சாப்பாட்டைப் பற்றி யார் கேட்பது? அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும்தான் பார்க்கிறது. வயிற்றுக்கு எண்டோஸ்கோபி வேண்டும், அதை ஒரு டாக்டர் சந்தேகப்பட்டு எழுதித் தரவேண்டும்.

வயிற்றுப் புற்றுநோய் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. மாரடைப்பு என்று கேட்ட தம்பி, பயந்துபோய் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்வார். அது நார்மலாக இருக்கும்.