சத்தம் போடாத பேரன்

திருவனந்தபுரம் கரமனை அக்கிரகாரத்தில் பல வீடுகளுக்கு நடுச்சுவர் பொது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். 1990-களில் அப்படியொரு வீட்டுக்கு துபாயிலிருந்து வந்த பெட்டியில், சென்ட் பாட்டில்களுக்கு நடுவே ஒரு கேம்பாய் இருந்தது. 1989-ல் நின்டென்டோ வெளியிட்ட சாம்பல் நிறக் கருவி. நான்கு பென்சில் செல் போட வேண்டும். வலப்பக்க விளிம்பில் சத்தத்துக்கு ஒரு சின்னச் சக்கரம். சண்டையெல்லாம் அந்தச் சக்கரத்தால்தான்.

உண்மையில் அதன் சத்தம் பெரிதல்ல. அத்தனை சிறிய ஒலிபெருக்கிக்குக் கனத்த ஓசை வராது; கீச்சுக் குரல்தான் வரும். மனிதக் காது கூர்மையாகப் பிடிப்பதும் அந்தக் கீச்சுக் குரலைத்தான். ரேடியோவில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது கொசு. "சித்த குறையேன்டா" என்பார். மகன் கட்டைவிரலால் சக்கரத்தை உருட்டுவான். ஐந்து நிமிடத்தில் அது நைசாக மேலே ஏறிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருந்த மலிவான 'பிரிக் கேமி'ல் இந்தப் பேரத்துக்கும் வழியில்லை. ஒரே பொத்தான்: ஒன்று கத்தும், அல்லது ஊமை.

அந்த மகனுக்கு இப்போது ஒரு மகன். கையில் ஸ்விட்ச், காதில் ஹெட்போன். வீடு அமைதி. "சமத்துப் பிள்ளை, இருக்கிற இடமே தெரியலை" என்று பாட்டி மெச்சிக்கொண்டிருந்தார், ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதுக்குள் 'ங்ங்' என்று கேட்பதாகப் பேரன் சொல்லும்வரை.

ஒரு முழம் தள்ளி ஒலித்த கேம்பாய் அடுத்தவர் பொறுமையைத்தான் கெடுத்தது. ஹெட்போன் அடுத்தவரைக் காப்பாற்றி, போட்டவரைப் பிடிக்கிறது. குழந்தைகளுக்கு 75 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 84-ல் வெறும் ஐந்து மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கே போதாது. உட்செவியில் செத்துப்போன மயிரிழைச் செல்கள் மறுபடி முளைப்பதும் இல்லை. ஹெட்போனின் உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தும் வசதி ஸ்விட்சிலேயே இருக்கிறது. ஆட்டத்தை விட்டு அதைத் தேடிப் போகிற பிள்ளை யார்?

1997-ல் தொடங்கி, இப்போது ஆக்குளத்தில் இயங்கும் 'நிஷ்' எனும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் உள்ள ஊர். சோதிக்க அலைய வேண்டியதில்லை. இரைச்சல் இரண்டு நாளில் அடங்கியது. செவித்திறன் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அப்பாவுக்குத் தூக்கம் வந்தது. ஹெட்போன் பீரோவுக்குப் போய்விட்டது.

கூடத்தில் இப்போது மறுபடியும் கீச்சுக் குரல். "சித்த குறையேன்டா" என்கிறார் பாட்டி. முன்புபோல அடிக்கடி இல்லை. அவருக்கும் காது கொஞ்சம் மந்தம்.