வாட்டம் பார்க்கும் கைகள்: வேளச்சேரியில் குளியலறைக் குழாய்ப் பணி

வேளச்சேரி தாழ்ந்த நிலப்பகுதியாகும். ஆதம்பாக்கம் ஏரியிலிருந்து வரும் வீராங்கால் ஓடை இதன் வழியே சென்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர, அங்கிருந்து நீர் ஒக்கியம் மடுவையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்து கோவளம் கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது. இத்தனை தொலைவுக்கும் நிலம் இறங்கும் அளவு மிகச் சிறியதாகையால், மழைநீர் வடியத் தாமதிக்கும் அதே காரணத்தால் வீட்டுக் கழிவுநீரும் வெளியேறத் தாமதிக்கிறது. ஆகவே இங்கே ஒரு குளியலறைக்கு வடிகுழாய் பதிப்பது என்பது, நிலம் தராத சரிவை வீட்டின் எல்லைக்குள் கைவேலையால் உண்டாக்குவதாகும். அச்சரிவைப் பிளம்பர்களும் கொத்தனார்களும் வாட்டம் என்கின்றனர். தம் வீட்டுப் பணியைத் தாமே செய்யவோ மேற்பார்வையிடவோ விரும்பும் வீட்டுக்காரர் முதலில் கற்க வேண்டியதும் இந்த வாட்டமே.

பழைய வீடொன்றில் குளியலறையைப் புதுப்பிக்கும் வேலை நடக்கும் இடத்துக்குச் சென்றால், தேர்ந்த பிளம்பர் தம் அளவை வாசலிலிருந்து தொடங்குவதைக் காணலாம். கழிவுநீர் வீட்டை விட்டு நீங்கும் கடைசிச் சேம்பரில், அதாவது குழாய்கள் கூடும் மூடியுள்ள சிறு தொட்டியில், வெளிச்செல்லும் குழாயின் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை அவர் முதலில் அறிகிறார். பின்னர் நீர் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைச் சேம்பரருகிலும் மறுமுனையைக் குளியலறைச் சுவரிலும் பிடிக்க, இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்பதால், இரண்டு இடங்களுக்கும் பொதுவான மட்டம் பென்சில் கோடாகச் சுவரில் பதிகிறது. டியூப் லெவல் எனப்படும் இக்கருவிக்குச் செலவு சில ரூபாய்களே; எனினும் வேலை முழுவதும் அந்தக் கோட்டை நம்பியே நடக்கிறது.

நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதில் ஒன்று, ஆறு அங்குலக் குழாய்க்கு அறுபதில் ஒன்று என்பது நெடுங்காலமாக வழங்கும் வாட்டக் கணக்காகும். குழாயில் ஓடும் நீர் கசடைத் தன்னுடன் இழுத்துச் செல்லும் வேகத்தைப் பெற வேண்டும் என்பதே இதன் அடிப்படை. இதன்படி கழிப்பிடத்திலிருந்து சேம்பர் 12 மீட்டர் தொலைவில் இருந்தால், நான்கு அங்குலக் குழாய் 300 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் அடி, இறங்க வேண்டும். சாலைகள் பழைய தளம் சுரண்டப்படாமல் மீண்டும் மீண்டும் போடப்பட்டு உயர்ந்துவிட்ட தெருக்களில், பழைய வீடுகளுக்கு இந்த ஓரடி கிடைப்பதில்லை. அதனால் சிலர் குளியலறைத் தரையை உயர்த்துகின்றனர். சிலர் ஜாக்கிகளைக் கொண்டு வீட்டையே தூக்குகின்றனர். வீட்டைத் தூக்கும்போது பழைய வடிகுழாய் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துப் புதிய மட்டத்துக்கு ஏற்ப மீண்டும் அமைக்க வேண்டியிருப்பதால், அங்கும் இறுதிச் சொல் பிளம்பருடையதாகவே அமைகிறது.

அடுக்குமாடி வீடுகளில் குளியலறையின் கான்கிரீட் தளம் மற்ற அறைகளைவிடத் தாழ்த்தி அமைக்கப்படுகிறது. 'சன்கன் ஸ்லாப்' எனப்படும் இப்பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் ஜல்லி முதலியவற்றால் நிரப்பி, அதன்மேல் டைல் பதிக்கின்றனர். இங்கே நேரும் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாகத் தெரியவரும் வரை எவர் கண்ணுக்கும் புலப்படாது என்பதால், ஒவ்வொரு இணைப்பும் மிகுந்த கவனத்தைக் கோருகிறது. பசையால் ஒட்டும் இணைப்பில் இரு பரப்புகளையும் துடைத்து, இரண்டிலும் சால்வென்ட் சிமெண்ட் தடவி, சற்றே திருகிச் செலுத்திச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரப்பர் வளைய இணைப்பிலோ, குழாயை முழுவதும் செலுத்திய பின் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்து இடைவெளி விடுவர். சென்னை வெயிலில் பிவிசி குழாய் நீளும்போது அந்த நீட்சிக்கு இடம் வேண்டும். திருப்பங்களில் செங்குத்தான எல்போவைத் தவிர்த்து, அடைப்பெடுக்க மூடியுள்ள டோர் பெண்டு வைப்பதும் தொழிலறிந்தவரின் அடையாளமாகும்.

வடிகுழாய் அமைப்பின் உயிர்நிலை டிராப் எனப்படும் வளைவில் உள்ளது. லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் காப்புரிமை பெற்ற கழிப்பிடத்தில் இவ்வளைவு இடம்பெற்றது. அதில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே சாக்கடை வாயுவையும் கரப்பான்பூச்சியையும் வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. குளியலறைத் தரையில் பதிக்கும் நஹானி டிராப்பில் இந்த நீரடைப்பு 50 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. பயன்படுத்தாத குளியலறையில் கோடைக்காலத்தில் இந்நீர் ஆவியாகிவிடும். ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் நூற்றுக்கணக்கானோருக்குப் பரவியதற்கு, இவ்வாறு வறண்டுபோன தரை டிராப்புகளும் ஒரு காரணமாக அறியப்பட்டன. ஊருக்குச் செல்வோர் திரும்பியதும் டிராப்பில் ஒரு குவளை நீர் ஊற்றுவது எளிய தற்காப்பாகும். மாடியில் நீரைக் கொட்டும்போது கீழே டிராப் களகளவென்று ஒலித்தால், வடிகுழாய்க்குக் காற்றோட்டம் தரும் காற்றுக்குழாய் அடைபட்டு நீரடைப்பு உறிஞ்சப்படுகிறது என்று பொருள்.

சாதனங்களைப் பொருத்துவதில் வீட்டுக்காரர் பெரும்பாலும் கடையில் தவறுகிறார். வெஸ்டர்ன் கழிப்பிடம் வாங்குமுன், கழிவு தரைவழியே இறங்குகிறதா, சுவர்வழியே செல்கிறதா என்பதையும், தரைவழி எனில் டைல் ஒட்டி முடித்த சுவரிலிருந்து துளையின் மையம் வரை உள்ள அளவையும் குறித்துச் செல்ல வேண்டும். 225, 300 மில்லிமீட்டர் என வெவ்வேறு அளவுகளில் கழிப்பிடங்கள் விற்கப்படுவதால், அளவு மாறினால் தரையை உடைப்பதன்றி வேறு வழியில்லை. தரை டைல் எண்பதில் ஒன்று என்ற வாட்டத்தில் இறங்கினால், 2.4 மீட்டர் நீளக் குளியலறையில் இரு முனைகளுக்கும் 30 மில்லிமீட்டர் வேறுபாடு வரும். கதவோரம் உயர்ந்தும் நஹானி டிராப் தாழ்ந்தும் இருப்பதை டைல் ஒட்டும் நாளிலேயே நீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்காரர் தாமே செய்யத்தக்க வேலைகள் பல உள்ளன. வாஷ்பேசினுக்கு அடியிலுள்ள பாட்டில் டிராப்பைக் கழற்றிக் கழுவுதல், முடி அடைத்த ஜாலியைத் தூய்மை செய்தல், கசியும் குழாயின் வாஷரை மாற்றுதல், சிலிக்கான் விளிம்பைப் புதுப்பித்தல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நடப்பவை. பிழை நேர்ந்தால் உடனே தெரியும், உடனே திருத்தலாம். டைலுக்கு அடியில் மறைந்துபோகும் வேலையும், மெட்ரோ வாட்டர் என மக்கள் அழைக்கும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கும் வேலையும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. முன்னதற்குத் தேர்ந்த பிளம்பரும் பின்னதற்கு வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியபோது மட்டங்களின் விதி கடுமையாக வெளிப்பட்டது. தெருவில் நீர்மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்தால், கழிவுநீர் வந்த வழியே திரும்பி நஹானி டிராப் வழியாகவும் கழிப்பிடம் வழியாகவும் உள்ளே ஏறும். தரைத்தள வீடுகளில் கடைசிச் சேம்பருக்கு அருகே, நீரை ஒரு திசையில் மட்டும் விடும் தடுப்பு வால்வைப் பொருத்துவது இதற்குத் தீர்வாகும். ஆயினும் கசடு சிக்கினால் அது மூடாது என்பதால், மழைக்காலத்துக்கு முன் அதைத் திறந்து கழுவும் வழக்கமும் உடன் வேண்டும்.

அடைப்பு வாசலைத் தாண்டிவிட்டால், மலிவாகக் கிடைக்கிறாரென்று ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவது உயிர்க்கொலைக்கு ஒப்பாகும். உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது; அவ்வாறு இறப்போரின் குடும்பத்துக்கு வழங்க வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இயந்திரம் பொருத்திய லாரியை வரவழைப்பதே வீட்டுக்காரரின் கடமை.

குளியலறை வேலை பெரும்பாலும் ஒரு குழாய் முனைக்கு இவ்வளவு என்னும் பாயிண்ட் கணக்கிலோ ஓர் அறைக்கு இவ்வளவு என்றோ பேசப்படுகிறது. இம்முறையில் வாட்டம் பார்க்கும் நேரத்துக்கும், நீர் நிறுத்திச் சோதிக்கும் நாளுக்கும் கூலி இல்லை. டைல் ஒட்டுபவரோ அடுத்த நாளே வந்து நிற்கிறார். தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் மூட வேண்டாம் என்று பிளம்பர் கேட்கும்போது, நாள் வீணாகிறதென்று மறுப்பவர் பல வீடுகளில் வீட்டுக்காரரே ஆவார். குழாய் முனைகளை அடைத்து, பள்ளத்தில் நீர் தேக்கி, குறைந்தது ஒரு முழுநாள் மட்டம் இறங்காதிருப்பதைக் கண்ட பின்னரே மூட வேண்டும் என்பதையும், அந்த நாளுக்குரிய கூலியையும் தொடக்கத்திலேயே பேசி முடிப்பது நல்லது. மூடுமுன் குழாய் செல்லும் தடத்தை அளவுகளுடன் படமெடுத்து வைத்தால், பின்னாளில் பழுது பார்க்க வருபவர் தரை முழுவதையும் உடைக்காமல் உரிய இடத்தில் மட்டும் உளி வைப்பார். வேளச்சேரி போன்ற நிலத்தில் வீட்டின் நலம், டைலின் விலையைவிட, அதற்கடியில் பொறுமையாக வாட்டம் வைத்தவரின் உழைப்புக்குத் தரப்படும் மதிப்பையே சார்ந்திருக்கிறது.