உப்புக் காற்றும் அப்பாவின் புல்லட்டும்

கிளட்ச் 'ஸ்லிப்' ஆவது வேறு, ஒட்டிக்கொள்வது வேறு. ஸ்லிப் ஆனால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. ஒட்டிக்கொண்டால் நேர்மாறு. லீவரை முழுசாகப் பிடித்தாலும் வண்டி முன்னால் இழுக்கும். எங்கள் தூத்துக்குடியில் பழைய புல்லட்டுகளில் நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டாவது வியாதியைத்தான்.

ஊர் அப்படி. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் முத்தையாபுரம் உப்பளங்கள். இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். முத்து போய்விட்டது, உப்புக் காற்று போகவில்லை. சும்மா நிற்கிற வண்டியென்றால் அதற்கு விருந்து.

அப்பாவின் புல்லட் 1978 மாடல். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அப்பா போனபிறகு எட்டு மாதம் திண்ணையோரம் நின்றது. மதுரைக்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். "ஓடுச்சுன்னா வச்சுக்கோ எய்யா. இல்லேன்னா குடுத்துரு. சும்மா நிக்கதப் பாக்க முடியல" என்றாள் அம்மா.

ஸ்டார்ட் ஆனது. கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டதும் ஒரே குதி. இன்ஜின் ஆஃப்.

பட்டறை அண்ணாச்சி எடுத்தவுடன் பிரிக்கவில்லை. முதலில் கேபிளுக்கு எண்ணெய் விட்டார். லீவரில் கொஞ்சம் லூஸ் வைத்து, புஷ் ராட் ஸ்க்ரூவைச் சரிசெய்தார். அப்படியும் விடவில்லை. பிறகுதான் ஆயிலை வடித்து இடதுபக்க மூடியைக் கழற்றினார். உள்ளே பிளேட்டெல்லாம் துருவேறி ஒரே கட்டியாக இருந்தது.

பட்டறைப் பையன் ஸ்க்ரூடிரைவரை நீட்டினான். அண்ணாச்சி வாங்கவில்லை. "அந்தக் காலத்துல சிப்பியக் குவிச்சு அழுகப் போட்டுத்தான் முத்து எடுத்தாங்க தம்பி. நெம்புனா பிளேட் கோணிரும்." ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறியது. காலையில் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஸ்டீல் பிளேட்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார் (உப்பு செய்த வேலைக்கு உப்புத்தாளே மருந்து!). கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பார்த்ததில் இரண்டு வளைந்திருந்தன. அவற்றை மட்டும் மாற்றினோம். ஸ்பிரிங்குகளை ஒரே அளவாக இறுக்கினார். ஒன்று கூடக்குறைய இருந்தால் பிரஷர் பிளேட் சாய்ந்து, மறுபடி இழுக்குமாம். ஆயிலும் புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடுதான். கெட்டியான ஆயில் ஊற்றினால் குளிர்ந்த வண்டியில் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும்.

அண்ணாச்சி சொன்னபடி தினமும் ஒரு வேலை செய்கிறேன். சாவி போடாமல், நியூட்ரலில், கிளட்சைப் பிடித்தபடி நாலைந்து மிதி. கிக்கர் கனமாக இறங்கினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றுகிறது, பிளேட் இன்னும் விடவில்லை என்று அர்த்தம். லேசாக இறங்கினால் விட்டுவிட்டது. அப்புறம்தான் சாவி.

போன மாதம் மதுரைக்காரர் திரும்பவும் போன் செய்தார். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் எடுத்தாள். "அது ஓடுதுய்யா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.