அலிகாந்தேயில் இரண்டு இரவுகள்

38 பவுண் கொடுத்தால் ஸ்பானிய நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்குப் போய்வரலாம் என்று நண்பரொருவர் சொன்னபோது நாம் அதனை நம்பவில்லை. லண்டனிலே பாடசாலை ஆசிரியர் இருவர், வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவர், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் என நால்வராகிய எமக்கு வார இறுதி என்பது உடுப்புத் தோய்க்கவும் உறங்கவும் வாய்க்கின்ற இரண்டு நாட்கள் மட்டுமே. ஆயினும் கணக்குப் பார்த்தோம். தங்குமிடம் இரவுக்கு 80 யூரோ. பகிர்ந்தால் ஆளுக்கு 20. இங்கிலாந்தின் வடபுறத்தில் வாழும் உறவினர் வீட்டுக்குப் புகையிரதத்தில் போய்வருவதிலும் இது மலிவாகத் தெரிந்தது.

மாணவர் மட்டும் சிரித்தார். எம் மூவரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. அவரிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. 2024 ஜூனில் 90 யூரோவாக உயர்த்தப்பட்ட விசாக் கட்டணம் அவருடைய விமானச் சீட்டின் விலையைத் தாண்டியது. அதற்கு மேல் வங்கிக் கணக்கு, காப்புறுதி, பல்கலைக்கழகக் கடிதம், விரல் அடையாளம். ஒரே ஆகாயத்தில், அடுத்தடுத்த ஆசனங்களில் இருந்து போவதற்கு இத்தனை வித்தியாசம். விமான நிலையத்திலே எமது பெட்டியொன்று அங்குலக் கணக்கில் மிகுந்துவிட்டதென்று மேலும் ஒரு சீட்டின் விலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மலிவு என்பதன் இலட்சணம் அப்படி.

நாம் இறங்கிய நாள் 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. சீட்டு மலிவாகக் கிடைத்த நாள் என்பதைத் தவிர அத்திகதியைத் தெரிந்தமைக்கு வேறு காரணம் இல்லை. அந்த விமான நிலையம் 2021 முதல் மிகெல் ஏர்னாண்டெஸ் என்னும் கவிஞரின் பெயரைத் தாங்கிநிற்கின்றது. 1910 இல் ஒரிவேலா என்ற ஊரிற் பிறந்து, சிறுவனாய் ஆடு மேய்த்து, உள்நாட்டுப் போரிலே குடியரசின் பக்கம் நின்றவர். பிராங்கோ ஆட்சி அவருக்கு மரண தண்டனை விதித்துப் பின்னர் அதனை முப்பதாண்டுச் சிறையாக மாற்றிற்று. முப்பது ஆண்டுகள் தேவைப்படவில்லை. காசநோய் பற்றி, 31 வயதில், இந்த அலிகாந்தே நகரின் சிறையிலேயே அவர் மாண்டார். அந்த நாள் 1942 மார்ச் 28 என்பதைப் பஸ் வண்டியில் ஏறியபின் மாணவர் வாசித்துச் சொன்னார். உல்லாசப் பிரயாணிகளை வரவேற்கும் வாயிலுக்கு அந்தப் பெயரை இட்டது நல்ல காரியந்தான். ஆயினும் எம்முடன் இறங்கியவர்களில் எத்தனை பேர் அதனை வாசித்திருப்பர்? நாமும் தற்செயலாகவே அறிந்தோம்.

பட்டினம் அழகானது. அதை மறைப்பானேன்? பெனகாந்தில் குன்றின் உச்சியிலே பழைய கோட்டை; அடியிலே மஞ்சள் மணற்கரை; கரையை ஒட்டி அலை வடிவில் மூவர்ணச் சலவைக்கல் பதித்த நெடிய நடைபாதை, இருபுறமும் பேரீச்ச மரங்கள். மீனை அவித்த நீரிலே சோறாக்கி, மீனை வேறாகப் பரிமாறுகிறார்கள். அந்த வாசனை எமக்கு அந்நியமாகப் படவில்லை. ஆனால் அதனை உணவுச்சாலையில் இருந்து உண்ண ஒரு தடவைக்குமேல் எமது பை இடங்கொடாது. மற்ற நேரமெல்லாம் சந்தையில் வாங்கிய பாண், தக்காளி, ஒலிவ் காய், தோடம்பழம்.

சந்தையும் வெறுஞ் சந்தையல்ல. 1938 மே 25 இல் இத்தாலிய விமானங்கள் அதன்மீதும் சுற்றுவட்டத்திலும் குண்டு பொழிந்து 300க்கு மேற்பட்டோரைக் கொன்றன. பின்புறச் சதுக்கத்துக்கு அந்தத் திகதியே பெயர். நாம் அங்கேதான் பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம்.

தங்கிய வீடு கோட்டையின் அடிவாரத்துப் படிக்கட்டு ஒழுங்கையில் இருந்தது. வீட்டுக்காரரை நாம் காணவேயில்லை. திறப்பு ஒரு சிறு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. இரண்டாம் மாடிப் படியில் மூதாட்டியொருவர் சாமான் பையுடன் நின்று மூச்சு வாங்கினார். வைத்தியசாலை நண்பர் கேளாமலே பையை வாங்கிக்கொண்டார். மாணவருக்குச் சிறிது ஸ்பானியம் வரும். இரவுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று மூதாட்டி கேட்டார். சொன்னோம். அவர் விரல் மடித்து எண்ணினார். நாம் படுத்துறங்கிய அறைகளில் முன்னர் உணவுச்சாலைப் பணியாளர் ஒருவர் மனைவி மக்களுடன் வாழ்ந்தாராம். மாதவாடகை 480 யூரோ. எமது ஆறு இரவு. இப்போது அக்குடும்பம் நகருக்கு வெளியே போய், அவர் வேலைக்கு இரண்டு பஸ் மாறி வருகிறார். கட்டடத்தில் நிலையாகக் குடியிருப்போர் தாமும் இன்னொரு வீட்டாரும் மட்டுமே என்றார். குரலில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பையைப் பெற்றுக்கொண்டு நன்றி கூறிக் கதவைச் சாத்தினார்.

2024 இல் அந்த நாட்டுக்கு 9 கோடியே 38 இலட்சம் வெளிநாட்டார் வந்தனர். அதே ஆண்டு ஜூலையில் பார்சலோனா மக்கள் உல்லாசப் பிரயாணிகள்மீது விளையாட்டுத் துவக்கால் நீர் பீச்சியதைப் பத்திரிகைகள் வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. நாமும் அன்று சிரித்தவர்கள்தாம். வெயிலை விற்று அந்நியச் செலாவணி தேடும் வழியை 1959 இன் பொருளாதாரத் திட்டத்தோடு வேகப்படுத்தியது பிராங்கோ ஆட்சியே. நாம் இறங்கிய விமான நிலையம் 1967 இல் திறக்கப்பட்டது. ஆட்சி போயிற்று, தொழில் நிலைத்தது. வீட்டு வாடகை எமது குற்றமா என்று அன்றிரவு ஆசிரியர் இருவரும் நெடுநேரம் வாதாடினோம். முடிவு காணவில்லை.

சனிக்கிழமை மாலை துறைமுகத்துக்குப் போனோம். அங்கே ஆர்ச்சிபோல்ட் டிக்சன் என்ற கப்பற்றலைவரின் நினைவு போற்றப்படுகிறது. 1939 மார்ச்சில் குடியரசு வீழ்ந்துகொண்டிருந்தபோது, தப்ப வழியற்றோர் இந்தக் கடைசித் துறைமுகத்திலே குவிந்தனர். தோடம்பழமும் புகையிலையும் குங்குமப்பூவும் ஏற்றிச் செல்ல வந்திருந்தது ஸ்ரான்புறூக் என்னும் பிரித்தானியச் சரக்குக் கப்பல். பிரித்தானிய அரசோ ஒரு மாதத்துக்கு முன்னரே, பெப்ரவரி 27 இல், பிராங்கோவை அங்கீகரித்துவிட்டது. டிக்சன் சரக்கை விட்டு மனிதரை ஏற்றினார். 70 மீற்றர் நீளமுள்ள கப்பலில் 2,638 பேர். மார்ச் 28 இரவு அது ஓரானை நோக்கிப் புறப்பட்டது. அங்கே அதிகாரிகள் பலரை வாரக்கணக்கில் கரையிறங்க விடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஜேர்மன் நீர்மூழ்கி எய்த குண்டுக்கு ஸ்ரான்புறூக் இரையாயிற்று. டிக்சனோ மாலுமிகளோ ஒருவரும் மீளவில்லை.

"ஏறாமல் நிண்ட சனத்துக்கு என்ன நடந்தது, மாஸ்ரர்?" என்று வைத்தியசாலை நண்பர் கேட்டார்.

ஆயிரக்கணக்கானோர் வராத கப்பல்களைப் பார்த்தபடி மேடையிலேயே நின்றனர். மார்ச் 30 இல் இத்தாலியப் படை நகருள் நுழைந்தது. அவர்களை முதலில் ஒரு வாதுமைத் தோட்டத்திலும், பின்னர் அல்பத்தேரா முகாமிலும் அடைத்தார்கள்.

நண்பர் சிறிது நேரம் தண்ணீரைப் பார்த்தார். 1990 இல், ஒன்பது வயதில், பேசாலையிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர் அவர். பதினைந்து வருடப் பழக்கத்தில் அவர் அதைப் பேசியது குறைவு. "எங்கட வள்ளத்திலையும் இடம் காணாது எண்டுதான் பெரியப்பா கரையிலை நிண்டவர். அடுத்ததிலை வாறன் எண்டவர்" என்றார். நாம் மேலே கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் நால்வருக்கும் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவரும் அவரே.

ஞாயிறு அதிகாலை கோடைகால நேரத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். எமது மலிவான விடுமுறையில் அதுவும் குறைந்தது. படுக்கை விரிப்புகளை மடித்து, கோப்பைகளைக் கழுவி வைத்தோம். கீழே இறங்கும்போது, துவைத்த விரிப்புக் கட்டுகளுடன் இளம் பெண்ணொருத்தி மேலே ஏறி வந்தாள். அன்று மாலைக்குள் இன்னும் ஐந்து வீடுகள் தனக்கு இருப்பதாக மாணவரிடம் சொன்னாள்.

லண்டனில் எம் மூவருடைய கடவுச்சீட்டையும் இயந்திரம் பார்த்து அரை நிமிடத்தில் கதவு திறந்தது. மாணவர் மற்ற வரிசையில் நின்றார். அவருக்காக நாம் வெளியே நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.